பாஷைக்குப் படி

வசிஷ்ட நதிக் கரையில் இருக்கும் எங்கள் ஆத்தூர்க் கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வெலிங்டன் பாரக்தான் ஞாபகம் வரும். 1984இல் அங்கேதான் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ரங்க்ரூட்டாகச் சேர்ந்தேன். ஓட்டமும் துப்பாக்கியும் சீக்கிரம் கைக்கு வந்துவிட்டன. இந்திதான் வாயில் ஏறவில்லை. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டுவார், அதுவும் இங்கிலீஷ் எழுத்தில் இந்தி. "இது பாஸானாத்தான்டா கையில பட்டை ஏறும். பட்டை ஏறுனாத்தான் சம்பளம் ஏறும்" என்பார்.

பாஷை படித்தால் காசு என்கிற இந்தக் கணக்கு பட்டாளத்தில் பழசு. கிழக்கிந்தியக் கும்பினி காலத்தில் எங்கள் சேலம் சீமையின் நிர்வாகமே அப்படிப் பாஷை படித்த பட்டாள அதிகாரிகள் கையில்தான் முதலில் போனது.

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாரமகால் என்ற சீமையையும் சேலத்தையும் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். ஆத்தூர்க் கோட்டையும் அதோடு போனது. வரி வசூல் என்பது சிவில் உத்தியோகஸ்தர் வேலை. ஆனால் சென்னையில் இருந்த சிவில்காரர்களில் ஊர்ப் பாஷை அறிந்தவர்கள் அபூர்வம். அதனால் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், கேப்டன் அலெக்சாண்டர் ரீடைத் தலைவராக்கி, மெக்லியாட், கிரகாம், மன்றோ என்று மூன்று பட்டாளத்துக்காரர்களை அவருக்குத் துணையாக அனுப்பினார்.

இவர்களில் தாமஸ் மன்றோவின் கதை எனக்கு நெருக்கமானது. கிளாஸ்கோவிலிருந்து 18 வயதில், 1780இல், சென்னை வந்து இறங்கிய ஏழைக் கேடட். தலையணை இல்லாமல் புத்தகத்தையோ தோட்டாப் பையையோ தலைக்கு வைத்துப் படுத்ததாக வீட்டுக்கு எழுதியிருக்கிறார். கைக்காசு இல்லாத அந்த நாட்களில் இந்துஸ்தானியும் பாரசீகமும் படித்தார். தர்பார்க் கடிதங்கள் பாரசீகத்தில் ஓடிய காலம் அது. 1788இல் ரீடின் கீழ் உளவுப் பிரிவில் இடம் கிடைத்தது. அங்கிருந்து பாரமகால், தர்மபுரியில் ஏழு வருஷம். 1820இல் சென்னைக்கே கவர்னர்.

மன்றோவுக்குத் தானாக வாய்த்தது, பின்னால் சட்டமாகவே ஆனது. கும்பினியின் சிப்பாய் ரெஜிமெண்டுகளில் 'இன்டர்ப்ரெட்டர்' என்று ஓர் அதிகாரி இருந்தார். பாஷைப் பரீட்சை தேறினால்தான் அந்த நாற்காலி. அதற்குத் தனிச் சம்பளம். படிக்கிறவர்களுக்கு முன்ஷி, அதாவது பாஷை வாத்தியார், வைத்துக்கொள்ள அலவன்ஸ் தந்தார்கள். சிவில் பக்கம் எல்லிஸ் என்ற அதிகாரி முன்னின்று 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கேயும் தமிழோ தெலுங்கோ தேறத் தேறச் சம்பளம் கூடும். பாஷைப் படி போக, களத்துக்குப் போகும் அதிகாரிக்குக் கும்பினி கொடுத்த 'பட்டா' என்ற கூடுதல் படிதான், இன்றைக்கு லாரி டிரைவர் கேட்கும் பேட்டா.

இதில் எனக்கு ஒரு குறை. படித்தவர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. சொல்லிக்கொடுத்த முன்ஷிகளில் பெரும்பாலோரின் பெயரை யாரும் சொல்வதில்லை. நடுவில் நின்று பேசியவர்களும் அப்படித்தான். அதிகாரிக்குப் பாரசீகம் தெரிந்தாலும், ஓலையில் தமிழ்க் கணக்கு எழுதிய ஆத்தூர்க் கணக்குப்பிள்ளையிடம் பேசுவதற்கு நடுவில் இன்னொரு வாய் வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கிய சீமை இது. வரிக் கணக்கெல்லாம் அந்த நடுவாய் வழியாகத்தான் வெள்ளைக்காரர் காதுக்குப் போயிருக்கும்.

சென்னைத் தீவுத்திடல் அருகே மன்றோ சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வழியே போகும் பஸ்ஸில் நானும் ஜன்னலோரம் எட்டிப் பார்ப்பேன். எனக்கு ஹவில்தார் பென்ஷன் வருகிறது. அதில் ஒரு பங்கு உஸ்தாதின் சாக்பீஸ் சம்பாதித்தது. அவர் ராத்திரி எழுதியதையெல்லாம் விடியற்காலை இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். அந்த வேலை என்னுடையது.