உவர்மண் முதல் மீயொலி வரை

எங்கள் ஊர் திருவண்ணாமலை என்றால் கிரிவலமா என்பார்கள். எங்களுடையது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், சீனிவாசப் பெருமாள் குன்றின் அடியில். அங்கே அம்மாச்சி காலத்தில் வெளுப்பு என்றால் உவர்மண்ணும் வெள்ளாவியும்தான். உவர்மண்ணின் சரக்கு சலவைச் சோடா. நுரை கட்டி நிற்காது. 1959இல் சர்ஃப், 1969இல் நிர்மா வந்தன. சலவைப்பொடி வீடுதோறும் புகுந்தது.

அதற்குள் ஐரோப்பிய ஆறுகளில் நுரை குவிந்திருந்தது. பழைய டிடர்ஜென்ட்டின் கிளைவிட்ட மூலக்கூறுகளை நுண்ணுயிர்களால் எளிதில் தின்ன முடியவில்லை. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் போட்டது. கிளையில்லாத நேர்ச்சங்கிலி வகை வந்தது.

கழிவுநீரில் கலக்கும் டிடர்ஜென்ட்டை அழிக்க இப்போது ஆய்வுக்கூடங்களில் மீயொலி (அல்ட்ராசவுண்ட்). அது நீரில் எழுப்பும் நுண்குமிழி நொறுங்கும்போது உள்ளே சுமார் 5,000 டிகிரி வெப்பம்; அப்போது பிறக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்பு டிடர்ஜென்ட்டைச் சிதைக்கிறது. குமிழியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வது டிடர்ஜென்ட்டின் குணம். அதனாலேயே வசமாக மாட்டுகிறது. இடிப்பது மின்செலவு: ஊர்ச் சாக்கடைக்கு இன்னும் கட்டுப்படியாகாது.