யார் உறுப்பினராகலாம்: தமிழக ஊர் அவைகளின் தகுதி வரலாறு

தமிழக ஊர் அவைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையையே விரித்துரைப்பர்; குடத்திலிருந்து ஓலை எடுத்ததும் பெட்டியில் சீட்டுப் போட்டதும் கண்ணுக்குத் தெரியும் சடங்குகளாதலால் அவை எளிதில் மனத்தைக் கவர்கின்றன. ஆயினும் கல்வெட்டுகளையும் பிற்காலச் சட்டங்களையும் வரிசையாக வைத்துப் படிப்பவர்க்கு, ஊரார் மிகுதியாகச் சச்சரவிட்டதும் அரசு அடிக்கடி தலையிட்டதும் அப்பதவிக்கு யார் உரியவர் என்னும் கேள்வியின்மீதே என்பது புலப்படும். தேர்வு முறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தகுதி பற்றிய வழக்கோ இன்னும் தீரவில்லை.

இவ்வழக்கின் மிக விரிவான பழைய ஆவணம் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளது. முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது ஏறத்தாழ கி.பி. 919-இலும் 921-இலும், அவ்வூர்ச் சபை எடுத்த இரண்டு தீர்மானங்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. உத்தரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது அரசனால் பிராமணர்க்கு வழங்கப்பட்ட ஊர். அத்தகைய ஊரின் அவையே சபை எனப்பட்டது. வேளாண் குடிகள் வாழ்ந்த ஊர்களின் அவை 'ஊர்' என்றும், வணிகர் அவை 'நகரம்' என்றும் பெயர் பெற்றன. குடத்திலிட்ட ஓலையை எடுத்து உறுப்பினரைத் தேரும் குடவோலை முறையின் விதிகள் இத்துணை விரிவாகக் கிடைப்பது சபை இருந்த ஊரில்தான் என்பதால், சோழநாட்டு ஊர்கள் அனைத்தும் இவ்வாறே ஆளப்பட்டன என்று மேடைகளில் சொல்லப்படுவதற்குச் சான்று போதாது. ஓலையைக் குடத்திலிட்டு எடுக்கும் வழக்கமோ இவற்றினும் பழையது. சங்க நூலாகிய அகநானூற்றின் 77-ஆம் பாடலில் அது உவமையாகவே வந்துவிட்டதால், அப்பாடல் எழுந்த காலத்துக் கேட்போர்க்கு அது நன்கு அறிமுகமானதாக இருந்திருக்க வேண்டும்.

ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது தெருத்தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் அனைவரின் பெயர்களும் தனித்தனி ஓலைகளில் எழுதப்பட்டு, குடும்பின் பெயர் பொறித்த வாயோலையுடன் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்படும். இளைஞர் முதல் முதியோர் வரை சபையார் கூடியிருக்க, ஊரிலிருந்த கோயில் நம்பிமார், அதாவது அர்ச்சகர்கள், ஒருவர் விடாமல் வந்திருக்க, அவர்களுள் மூத்தவர் வெறுங்குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்க, அதை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்தபின் அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம், அதாவது சபையின் நடுநிலை அலுவலரிடம், கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை ஏற்றுப் படிக்க, அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதையே மீண்டும் படிக்க, அதன் பின்னரே அப்பெயர் பதிவாகும். விரல்களை விரிக்கச் சொன்னது, கைக்குள் மறைத்துவைத்த வேறோர் ஓலை புகுந்துவிடக்கூடாது என்பதற்காகவே. இத்தகைய விதியை ஒரு சபை கல்லில் வெட்டியது என்றால், அப்படியொரு திருட்டு அங்கே நடந்திருந்தது, அல்லது நடக்குமென அஞ்சப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணி செய்தோர், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தோர் பன்னிருவர் ஆண்டு வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், எஞ்சிய அறுவர் ஏரி வாரியத்திற்கும் செல்வர். வாரியம் என்பது ஒரு குறிப்பிட்ட பணியை மேற்கொள்ளும் செயற்குழு; அதன் காலம் 360 நாள். பொன் வாரியத்திற்கும் பஞ்சவார வாரியத்திற்கும் தனியே குடவோலை இடப்பட்டது.

இதில் வாக்கு என்பதே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாரும் யாரையும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை; சீட்டு விழுந்தவர் உறுப்பினரானார். ஆதலால் சபையின் கவனம் முழுவதும் குடத்துக்குள் யாருடைய ஓலை போகலாம் என்பதிலேயே நின்றது. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும், நேர்வழியில் ஈட்டிய பொருளும் வேண்டும். பிற்காலத் தஞ்சைக் கணக்கில் ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர்; ஒரு வேதமும் ஒரு பாடியமும் (உரைநூலும்) முற்றக் கற்றவர்க்கு அரைக்கால் வேலியே போதும் எனச் சபை தளர்வு தந்தது. வயது வரம்பு 919-இல் 30 முதல் 60 வரை என இருந்தது, இரண்டே ஆண்டில் 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் ஓலை இட முடியாது.

தகுதியின்மைப் பட்டியல் இதைவிட நீளமானது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் முதலில் வருகிறார். அவரோடு அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மைத்துனன், மருமகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள் என உறவினர் ஒவ்வொருவராக எண்ணப்பட்டு விலக்கப்படுகின்றனர். பிறர் பொருளைக் கவர்ந்தோர், பெரும்பாதகம் செய்தோர் முதலியோரும், பொன், பஞ்சவார வாரியங்களுக்கான தனிக் குடவோலையிலிருந்து கழுதை ஏறினோரும் கூடலேகை செய்தோரும் நீக்கப்பட்டனர். கழுதையில் ஏற்றி ஊர்வலம் விடுவது அக்காலத் தண்டனை. கூடலேகை என்பது பொய் ஆவணம். ஒருவர் செய்த குற்றத்துக்காக அவர் மைத்துனனையும் விலக்குவது இன்று நீதியாகத் தோன்றாது. எனினும் நான்கு குடும்பங்களுக்குள் பதவி சுழலும் சிற்றூரில், கணக்குக் கேட்கப்பட வேண்டியவரே அடுத்த ஆண்டு தம் உறவினர் வாயிலாகக் கணக்கைக் கேட்பவராகிவிடுவார் என்பதை அச்சபையார் நன்கு அறிந்திருந்தனர்; அந்த அறிவில் பிற்காலச் சட்டங்கள் பல அவர்களுக்குப் பின்தங்கியே நிற்கின்றன. பெண்களும் நிலமற்றோரும் உழுகுடிகளும் அக்குடத்தின் அருகிலும் வர இயலவில்லை என்பதும் இதே கல்வெட்டிலிருந்து தெளிவாகிறது. அதனை மக்களாட்சி என அழைப்பது மிகை; சொத்துடையோர் தம்முள் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொள்ள வகுத்த கடுமையான ஏற்பாடு என்பதே பொருந்தும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஊரின் வரி, காவல், நீதி ஆகியவை கணக்கப்பிள்ளை, மணியக்காரர் முதலிய பரம்பரை அலுவலர் கையில் நின்றன. 1816-ஆம் ஆண்டுச் சென்னை ஒழுங்குமுறைகள் கிராம முன்சீப்புக்குச் சிறு வழக்குகளைக் கேட்கும் அதிகாரமும், கிராமப் பஞ்சாயத்துக்கு வழக்குத் தீர்க்கும் அதிகாரமும் தந்தபோதும், அவற்றில் தேர்தல் என எதுவும் இருக்கவில்லை. ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து வந்த 1884-ஆம் ஆண்டுச் சென்னைத் தல வாரியச் சட்டம் மாவட்ட வாரியம், வட்ட வாரியம், சில ஊர்களைச் சேர்த்த யூனியன் என மூன்று அடுக்குகளை ஏற்படுத்தியது. அவற்றுள் ஊருக்கு மிக அருகிலிருந்த யூனியனில் கிராமத் தலைவர்கள் பதவி வழியாகவே உறுப்பினராயினர். கல்வெட்டுக் காலத்தில் நிலம் தந்த தகுதியை இப்போது பரம்பரை உத்தியோகம் தந்தது என்பதன்றிப் பெரிய வேறுபாடில்லை. 1920-ஆம் ஆண்டுச் சென்னைக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம்தான் தனி ஊர்க்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை என்னும் எண்ணத்தைச் சட்ட வடிவுக்குக் கொண்டுவந்தது.

அந்த அவைகளின் பொறுப்பில் கிணறும் சாலையும் குளமும் இருந்தமையால், அவற்றை யார் பயன்படுத்தலாம் என்பது விரைவிலேயே சட்டமன்றத்துக்கு வந்தது. பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் ஒடுக்கப்பட்டோர்க்கு உரிமை உண்டென்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். ஊரின் சொத்தைத் தொட உரிமையில்லாதவர் ஊரின் அவையில் அமர்வது எவ்வாறு என்னும் கேள்வி அத்தீர்மானத்துக்குள் அடங்கியிருந்தது.

1948 நவம்பரில் அரசமைப்பு அவை கூடியபோது இதே கேள்வி நாட்டளவில் எழுந்தது. வரைவில் கிராமப் பஞ்சாயத்துக்கு இடமில்லை எனக் காந்தியவாதிகள் குறைபட, அம்பேத்கர் நவம்பர் 4-ஆம் நாள் உரையில் இந்தியக் கிராமத்தைக் குறுகிய பற்றும் அறியாமையும் நிறைந்த இடமாகக் கண்டித்து, தனி மனிதரை அடிப்படை அலகாகக் கொண்டதே வரைவின் சிறப்பு என்றார். சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கே. சந்தானம் பஞ்சாயத்துக்கு இடந்தரக் கொண்டுவந்த திருத்தம் அம்மாதம் 22-ஆம் நாள் ஏற்கப்பட்டு, பின்னர் 40-ஆம் உறுப்பாக நெறிமுறைப் பகுதியில் அமர்ந்தது. நெறிமுறை என்பது அரசுக்கான வழிகாட்டுதல், நீதிமன்றத்தில் வழக்காட முடியாதது. அதனால் ஊராட்சியின் உயிர் மாநில அரசுகளின் விருப்பத்தில் நாற்பத்தைந்து ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது.

சென்னை மாநிலத்தில் 1950-ஆம் ஆண்டுச் சட்டமும், பல்வந்த்ராய் மேத்தா குழுவின் 1957-ஆம் ஆண்டு அறிக்கையை ஒட்டி வந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் ஊராட்சியையும் ஊராட்சி ஒன்றியத்தையும் நிறுவின. 1970-இல் நடந்த தேர்தலுக்குப் பின் அடுத்த தேர்தல் 1986-இல்தான் வந்தது. அதன் காலம் 1991-இல் முடிந்தபின் 1996 வரை தனி அலுவலர்கள், அதாவது தேர்ந்தெடுக்கப்படாத அரசு அதிகாரிகள், ஊரை ஆண்டனர். இடையில் 1980-இல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன என்பது, ஊரின் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை நோக்கும்போது, அக்காலத் தேர்தல்கள் பலவற்றைவிடப் பெரிய நிகழ்ச்சி. 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசமைப்புத் திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தலைக் கட்டாயமாக்கியும், 2016 முதல் 2019 வரை தமிழக ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர் வசமே இருந்தன.

அத்திருத்தமும் 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் செய்த பெருமாற்றம் இட ஒதுக்கீடு. பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகை அளவிலும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் (2016 முதல் சட்டப்படி பாதி) உறுப்பினர் இடங்களும் தலைவர் பதவிகளும் ஒதுக்கப்பட்டன. சில ஊர்களில் முதன்முறையாகத் தகுதி விதி தலைகீழானது. நிலமும் செல்வாக்கும் உடையோர் அப்பதவிக்கு மனுச் செய்ய இயலாதவராயினர். அதன் எதிர்வினை உடனே வந்தது. மதுரை மாவட்டம் மேலவளவு தனி ஊராட்சியாக, அதாவது தலைவர் பதவி பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டதாக, அறிவிக்கப்பட்டு, தடைகளுக்குப் பின் தலைவராகத் தேர்ந்த முருகேசன் 1997 சூன் 30-இல் தம்மோடிருந்தவர்களுடன் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள், மனுச் செய்ய ஒருவரும் வராமலோ, வந்தவர் வென்றவுடன் பதவி விலகியோ, தலைவர் நாற்காலி காலியாகவே கிடந்தது. 2006-இல் மதுரை மாவட்ட ஆட்சியர் த. உதயச்சந்திரன் ஊர் ஊராகப் பேச்சு நடத்தியதன் பின் அங்குத் தேர்தல் நடந்து தலித் தலைவர்கள் பதவியேற்றனர்.

மறுப்பு வன்முறையாகவே வரவேண்டும் என்பதில்லை. ஊராட்சித் தலைவர்க்கும் வார்டு உறுப்பினர்க்கும் கட்சிச் சின்னம் இல்லை என்பதால், கட்சிகளின் இடத்தில் சாதியும் கோயில் கமிட்டியும் அமர்வது எளிதாகிறது. வேட்புமனு நாளுக்கு முன்பே ஊர்க்கூட்டம் கூடித் தலைவர் பதவியை ஏலம் விடுவதும், எடுத்தவர் தொகையைக் கோயில் திருப்பணிக்குக் கொடுப்பதும், மற்றவர் ஒதுங்க அவர் போட்டியின்றி வெல்வதும் பல மாவட்டங்களில் தேர்தல்தோறும் செய்தியாகின்றன. ஊர் ஒற்றுமை என்று அதற்குப் பெயர் சொல்லப்பட்டாலும், பணமுடையவர் மட்டுமே ஓலை இடலாம் என்னும் தகுதி விதியை ஊர் எழுதாமலே இயற்றிக்கொள்கிறது என்பதுதான் நடப்பது.

வென்று நாற்காலியில் அமர்ந்த பின்னும் தகுதி மீண்டும் மீண்டும் சோதிக்கப்படுகிறது. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது முறைகேட்டைத் தடுக்கும் நல்ல எண்ணத்தில் வைக்கப்பட்ட விதி. ஆனால் துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தம்முள் தேர்ந்தெடுப்பதாலும், அப்பதவிக்கு ஒதுக்கீடு இல்லாததாலும், தனி ஊராட்சிகளில் ஆதிக்கச் சாதியினர் ஒரு கையெழுத்தை நிறுத்திவைத்தே தலைவரின் ஆட்சியை முடக்க அது வழியாகிறது. 2020-இல் கடலூர் மாவட்டத் தெற்குத்திட்டை ஊராட்சியில் தலைவர் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளியாகி, ஊராட்சிச் செயலாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்; அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு தலித் தலைவர் விடுதலை நாளன்று கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, சாதி வேறுபாடின்றி ஊராட்சித் தலைவர்களே கொடியேற்றுவதை உறுதிசெய்யப் பணித்தார். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு தலைவர் தம் அலுவலக வாசலில் கொடியேற்ற அத்தகைய ஆணை தேவைப்பட்டது.