மகப்பேற்று மருத்துவமும் யாழ்ப்பாணத்து மகளிரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய தெருவோரங்களிலே, மடங்களுக்கு அண்மையிலும் கேணிக் கரைகளிலும், சுமைதாங்கிகள் ஆங்காங்கே இன்றுங் காணப்படுகின்றன. தலைச்சுமையோடு நெடுவழி நடப்போர், பிறர் துணையின்றித் தம் சுமையை இறக்கி இளைப்பாறுதற்கென அமைக்கப்பட்டவை அவை. அவற்றுட் பல, கருவுற்ற நிலையிலோ பிள்ளைப்பேற்றின்போதோ உயிர் நீத்த பெண்களின் நினைவாக உறவினர் எழுப்பியவையாகும். வயிற்றுச் சுமை இறங்காது மாண்டவளின் ஆன்மா, வழிச்செல்வோர் சுமை இறங்குதலால் ஆறுதலடையும் என்பது மக்கள் நம்பிக்கை. பிறப்பு இறப்புகளைப் பதியும் முறை இலங்கையிலே 1867ஆம் ஆண்டிலேதான் சட்டப்படி தொடங்கிற்று. அதற்கு முற்பட்ட காலத்திலே மகப்பேற்றில் மாண்ட தாய்மாரைப்பற்றி ஆராயப் புகுவோர்க்கு இக்கற்களும் ஒருவகைச் சான்றாகின்றன.

இவற்றைக் கொண்டு, பழைய சமுதாயம் பெண்ணுடலைப்பற்றி யாதும் அறியாதிருந்தது என முடிவு கட்டுவோர் உளர். அம்முடிபு பொருந்தாது. பெண்பிள்ளை பருவமெய்திய நாள் தொட்டு அவளுக்கு ஊட்டப்படும் உணவை நோக்குக. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், உழுத்தங்களியும், வேப்பிலை அரைத்த உருண்டையும் முறைப்படி கொடுக்கப்படுவன. இடுப்பு வலுப்பெறவேண்டும் என்பதே இதற்குப் பாட்டிமார் கூறும் காரணம். வளரும் பருவத்துப் பெண்ணுக்குப் புரதமும் கொழுப்பும் மிகுதியாக வேண்டும் என்று இக்காலத்து உணவியலாருங் கூறுவர். பிள்ளை பெற்றவளுக்கோ, கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள், உள்ளி என்பவற்றை அம்மியில் அரைத்துக் காய்ச்சிய சரக்குக்கறி. பால் சுரத்தற்குச் சுறாமீனும் முருங்கையிலையும். நொச்சி, பாவட்டை, ஆடாதோடை முதலிய இலைகளை அவித்த நீரில் வேது குளிப்பு. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை அவள் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் போதல் இல்லை. துடக்கு என்னுஞ் சொல் தீட்டைக் குறிப்பது உண்மையே. ஆயினும், தோட்டத்திலும் வயலிலும் உழைத்த குடியானவப் பெண்ணுக்கு வாழ்நாளிலே கிடைத்த ஓய்வு பெரும்பாலும் அந்த ஒரு மாதந்தான் என்பதையும் மறத்தலாகாது.

இவற்றோடு கேடு விளைக்கும் வழக்கங்களுங் கலந்திருந்தன. கொத்தி என்னும் பேய் பிள்ளைப்பேற்று அறையை நாடிவரும் என அஞ்சிக் காற்றும் வெளிச்சமும் புகாதவாறு கதவையுஞ் சாளரத்தையும் அடைத்தனர். சில வீடுகளிலே முதற்பாலை ஆகாதெனக் கழித்துவிட்டுக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் பருக்கினர். நோயைத் தடுக்கும் ஆற்றல் மிகுதியும் அமைந்த பாலே அவ்வாறு கழிக்கப்பட்டது. தொப்புட்கொடியை அறுக்கக் கைக்கெட்டிய கத்தி போதியதாயிற்று. அதனால் விளைந்த ஏற்பு நோயிலே, பிறந்த சில நாட்களுக்குள் குழந்தைகள் மாண்டன. அதுவும் பேயின் செயலென்றே கொள்ளப்பட்டது.

எழுத்திலே அமைந்த மருத்துவ அறிவும் இந்நாட்டில் இல்லாமற் போகவில்லை. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் ஆதரவிலே செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் செய்யுள் வடிவில் எழுந்தன. பிற்காலத்தில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்கள் பதிப்பித்த பரராசசேகரத்திலே கர்ப்பரோகம், பாலரோகம் என்பன தனித்தனிப் பகுதிகளாக அமைந்துள்ளன. எனினும் அவ்வேட்டைக் கற்றவர் பரியாரியார், அவர் ஆடவர். அவர் நாடி பிடித்து மருந்து கூறலாம். பிள்ளைப்பேற்று அறையினுட் புகுதல் வழக்கன்று. அறையினுள்ளே பிள்ளையை ஏந்தியவள் மருத்துவிச்சி. அவள் ஏடு கற்றவளல்லள். தாயிடமும் மாமியிடமும் கண்டு பயின்றவள். அவர்களுட் பெரும்பாலோர் சமுதாயம் தாழ்த்திவைத்த குலங்களைச் சேர்ந்தவர். ஊரார் அனைவரையும் முதலில் தொட்டெடுத்த கை அவர்களுடையது. துடக்குக் கழிந்த பின்னர் அவ்வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே வர அவர்களுக்கு உரிமையில்லை. கற்றவர் உள்ளே செல்லார், உள்ளே செல்பவள் கற்க வழியில்லை என்னும் இந்நிலையே யாழ்ப்பாணத்து மகளிர் நல வரலாற்றை விளங்கிக்கொள்ளத் திறவுகோலாகும்.

இந்நிலையிலேதான் அமெரிக்க மிசனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே 1822இற் பிறந்து, நியூயோர்க்கிலே மருத்துவங் கற்றவர் அவர். மானிப்பாயைத் தம் நிலையமாகக் கொண்டு நோயாளரைப் பார்த்ததோடு, இவ்வூர் இளைஞரை மருத்துவராகப் பயிற்றவுந் தொடங்கினார். மாணவர் உடையிலும் நடையிலும் தமிழராகவே இருத்தல் வேண்டும் என வற்புறுத்திய அவர், 1864ஆம் ஆண்டு தொட்டுத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவங் கற்பித்தார். அங்காதிபாதம், சுகரணம், இரணவைத்தியம், கெமிஸ்தம் எனத் துறைதோறும் நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. அவற்றுள் முற்பட்டவற்றில் ஒன்று 1857இல் வெளியான ‘பிரசவ வைத்தியம்’. டப்ளின் நகரத்து மருத்துவரான மோன்செல் இயற்றிய மகப்பேற்று நூலின் தமிழாக்கம் அது.

இச்செய்தியைத் தமிழ்ப் பற்றோடு பெருமையாகக் கூறுவது வழக்கம். பெருமைக்குரியதே. ஆயினும் வரலாறு கற்பவர் இங்கே இரண்டு செய்திகளை நிறுத்தி நோக்குதல் வேண்டும்.

முதலாவது, அந்நூல் எக்காலத்து அறிவைத் தாங்கிவந்தது என்பது. மோன்செலின் நூல் முதலில் வெளியானது 1834ஆம் ஆண்டில். கிறீன் யாழ்ப்பாணம் வந்த அதே 1847ஆம் ஆண்டிலே, வியன்னா நகர மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்பார், பிரேத பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிள்ளைப்பேறு பார்ப்பதாலேயே தாய்மார் சூதகக் காய்ச்சலால் மடிகின்றனர் எனக் கண்டு, குளோரின் கலந்த நீரிற் கைகழுவும் விதியை ஏற்படுத்தினார். மருத்துவிச்சிகள் பணிபுரிந்த பிரிவைவிட மருத்துவரும் மாணவரும் பணிபுரிந்த பிரிவிலேயே அங்கு இறப்பு மிகுந்திருந்தது. அவருடைய கருத்தை ஐரோப்பிய மருத்துவர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அவர் 1865இல் மனநோய் விடுதியொன்றிலே இறந்தார். லிஸ்ரர் கிருமியகற்றும் முறையை வெளியிட்டது 1867இல். ஆகவே 1857ஆம் ஆண்டளவில், பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் எவ்வாறு பரவுகின்றது என்னும் ஒரு பொருளிலே, மேனாட்டு மருத்துவ உலகமும் பெரும்பாலும் இருளிலேயே இருந்தது. மருத்துவிச்சியின் கத்தியை மட்டும் பழித்து மருத்துவரின் கையை மறந்துவிடுதல் நடுநிலையாகாது. ஆனால் கரு வளரும் முறை, குழந்தை வயிற்றுள் இருக்கும் நிலை, குறுக்கே கிடக்கும் குழந்தையைத் திருப்பும் வகை ஆகியவற்றிலே மேனாட்டு மருத்துவம் தெளிவான கல்வியை வளர்த்திருந்தது. இவையே அக்கல்வியால் விளையக்கூடிய பெரும் பயன்.

இரண்டாவது, அந்நூல் எவர் கைக்குச் சென்றது என்பது. கிறீனிடம் பயின்று வெளியேறியோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவர் யாவரும் ஆடவர். பரியாரியாருக்குத் திறவாத கதவு அவர்களுக்கும் எளிதிலே திறக்கவில்லை. மருத்துவிச்சி கைவிட்ட பின்னர், நேரங்கடந்த வேளையிலே அழைக்கப்படும் மருத்துவருக்குச் செய்தற்கு யாதுளது? தமிழ்ப்பெண்கள் எழுத்தறியாதவர் என்று இதற்கு அமைதி கூறுதலும் முற்றும் பொருந்தாது. உடுவில் மகளிர் பாடசாலை 1824ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. முப்பது ஆண்டுகளாக அங்கு பெண்கள் வாசிக்கவும் எழுதவுங் கற்று வெளிவந்திருந்தனர். இருந்தும், மகளிரின் உடலைப்பற்றிய நூல் மகளிர்க்காக எழுதப்படவில்லை. அவ்வெண்ணம் அமெரிக்கருக்கும் தோன்றவில்லை. சைவப் பெரியார்க்கும் தோன்றவில்லை.

கிறீன் 1873இல் தாயகந் திரும்பி, 1884இல் இறந்தார். அவருக்குப் பின்னரே அக்கதவு பெண் கையால் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலே பணிபுரிந்த மேரி லீச், மார்கிரெற் லீச் என்னும் அமெரிக்கச் சகோதரிகள், பெண்களுக்குப் பெண் மருத்துவரே வேண்டும் எனக் கூறி மேனாடுகளில் நிதி திரட்டினர். அதன் பயனாக 1898இல் இணுவிலிலே மக்லியோட் மருத்துவமனை மகளிர்க்கும் குழந்தைகளுக்குமென அமைந்தது. டொக்டர் இசபெல்லா கர் அம்மையார் நெடுங்காலம் அதனை நடத்தினார். தமிழ்ப் பெண்கள் அங்கே தாதியராகப் பயிற்சி பெற்றனர். ‘இணுவில் ஆசுப்பத்திரி’ என்னும் பெயர் குடாநாட்டுத் தாய்மார் நாவிலே பழகிய சொல்லாயிற்று.

அதே பணிக்கெனக் கனடாவிலிருந்து 1896இற் புறப்பட்ட மற்றொரு பெண் மருத்துவரின் வரலாறு வேறு வழியிற் சென்றது. மேரி இர்வின் என்னும் அவர் தமிழர் ஒருவரை மணம் புரிந்தார். வெள்ளையர் அல்லாத ஒருவரை மணந்தவரை மிசன் ஏற்க மறுத்தது. யாழ்ப்பாணம் இழந்த அவ்வம்மையாரைக் கொழும்பு பெற்றது. டொக்டர் மேரி இரத்தினம் என்னும் பெயரோடு அவர் லேடி ஹவ்லொக் மகளிர் மருத்துவமனையிலும், பின்னர் தனியாகவும் பணிபுரிந்தார். மருந்து கொடுப்பதோடு அமையாது, பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல்கள் எழுதினார். 1930ஆம் ஆண்டளவில் இலங்கை மகளிர் சமிதியைத் தோற்றுவித்துக் கிராமப் பெண்களை ஒன்றுகூட்டிக் குழந்தை வளர்ப்பு, உணவு, தூய்மை ஆகியவற்றைப் பேசச் செய்தார். 1937இல் கொழும்பிலே குடும்பத் திட்ட நிலையமொன்றை ஆரம்பித்தார். அக்காலத்திலே அது எளிய செயலன்று. ஆண்டுதோறும் கருவுற்று நலிந்த பெண்ணுக்கு, தன் உடலைப்பற்றித் தானே முடிவு செய்யலாம் என்று கூறுதல் எல்லாச் சமயத்தாருக்கும் கசப்பாயிருந்தது. 1958இல் மக்சேசே விருது அவரை வந்தடைந்தது, 1962இற் காலமானார்.

அரசாங்கத்தின் முயற்சி சிறிது பிந்தியே வந்தது. கொழும்பிலே டி சொய்சா பிரசவ விடுதி 1879இல் திறக்கப்பட்டிருந்தபோதிலும், கிராமத்துத் தாய்க்கு அதனால் என்ன பயன்? 1926இற் களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பகுதியே திருப்பத்தை உண்டாக்கியது. பயிற்றப்பட்ட மருத்துவமாது ஒருத்தி குறித்த ஊர்களுக்குப் பொறுப்பாகி, கருவுற்ற பெண்களை வீடு வீடாகச் சென்று கண்டு, கொதிநீரிலிட்ட கத்தரிக்கோலோடு பிள்ளைப்பேறும் பார்த்தாள். இம்முறை பின்னர் நாடெங்கும் பரவிற்று.

அதன் விளைவு கணக்கிலே தெரிகின்றது. 1930ஆம் ஆண்டளவிலே இலங்கையில் ஆயிரம் உயிர்ப்பிறப்புகளுக்கு 20 தாய்மாருக்கு மேல் இறந்தனர். 1934–35இல் மலேரியா கொள்ளைநோயாகப் பரவியபோது அத்தொகை மேலும் உயர்ந்தது. 1950ஆம் ஆண்டிலோ அது 6க்குக் குறைந்தது. இதனை ஒரு காரணத்துக்கே உரித்தாக்குதல் தவறு. மலேரியா ஒழிப்பு, பெனிசிலின், ஊர்தோறும் எழுந்த வைத்தியசாலைகள், இலவசக் கல்வி ஆகிய யாவும் ஒன்றுசேர்ந்தன. எனினும் இவற்றுள் எதுவும் பிள்ளைப்பேற்று அறையினுள்ளே தானாகப் புகவில்லை. மருத்துவமாதே அவற்றை உட்கொண்டு சென்றாள். 1969ஆம் ஆண்டு முதல் கருவுற்ற பெண்களுக்கு ஏற்புத் தடுப்பூசி இடப்பட்டதோடு, முன்னாளிற் பேயின் செயலெனக் கொள்ளப்பட்ட குழந்தை இறப்பும் படிப்படியாக அருகிற்று.

இன்று குடாநாட்டிலே வீட்டிற் பிள்ளைபெறுதல் அரிதாயிற்று. வைத்தியசாலையிலிருந்து திரும்பும் தாய்க்கு நொச்சியும் பாவட்டையும் அவித்த நீர் வார்ப்பதும், சரக்கு அரைப்பதும் பல வீடுகளிலே நிற்கவில்லை. குடும்பநல மருத்துவமாது வீட்டுக்கு வந்து, குழந்தையின் தொப்புளைப் பார்த்து, நிறை எடுத்து, அட்டையிற் குறிக்கின்றாள். வேது நீரின் மணம் அறையில் இருக்கும்போதே அது நிகழ்கின்றது. அவளைப் பாட்டிமார் சிலர் இன்றும் மருத்துவிச்சி என்றே அழைப்பர். அவர்கள் அவளை வீட்டினுள்ளே அமர்த்தித் தேநீரும் கொடுப்பர்.