கரிக்கு இரண்டு வேலை

1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வந்தது, எரிக்க மரக்கரி. சுற்றுக் காடுகள் குறையக் குறைய கரியின் செலவு ஏறியது. ஆலை நிலைக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

உலையில் கரிக்கு இரண்டு வேலை: சூடு தருவது, தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குவது. சூட்டை மிச்சப்படுத்தலாம், இரண்டாவது வேலையில் கரியமில வாயு வந்தே தீரும்.

இன்னைக்கு வாடிப்பட்டியில் வீடு கட்டுகிறவர் வாங்கும் கம்பிக்கும் இதே கணக்குதான். பழைய இரும்பை மின்னுலையில் உருக்கினால் அந்த இரண்டாவது வேலையே இல்லை. ஆனால் மின்சாரம் நிலக்கரியில் வந்தால் லாபத்தில் ஒரு பங்கு போச்சு. நிலக்கரியால் செய்த ஸ்பாஞ்ச் அயர்ன் கலந்தால் இன்னும் போகும். ஒரு டன் எஃகுக்கு உலக சராசரி சுமார் 1.9 டன் கரியமில வாயு. இந்தியாவில் சுமார் 2.5.

இதையெல்லாம் விடப் பெரியது அளவு. 2000-ல் இந்தியா உருக்கிய எஃகு சுமார் 2.7 கோடி டன். 2023-ல் 14 கோடி. உலையின் திறமை ஐந்து மடங்கா கூடிடுச்சு? இல்லை.

ஹீத்துக்குக் காடு எல்லை போட்டது. நிலக்கரி அவ்வளவு சீக்கிரம் தீராது. எல்லையை நாமதான் போடணும்.