தாது வருஷமும் தானியக் கப்பலும்

சிங்கப்பெருமாள் கோயிலில், குன்றைக் குடைந்த குகைக்குள் வீற்றிருக்கும் நரசிம்மருக்கு நெற்றியிலும் ஒரு கண் உண்டு. கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ரயில்பாதை. சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தெற்கே 1870-களில் போட்டது. இனிப் பஞ்சத்துக்குப் பயமில்லை, விளைந்த சீமையிலிருந்து விளையாத சீமைக்கு ரயில் தானியம் கொண்டுவந்துவிடும் என்று துரைமார்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள். பாதை வந்ததும் தாது வருஷம் பிறந்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்.

1876-இல் மழை பொய்த்தது. செங்கல்பட்டு ஜில்லா ஏரியை நம்பிய பூமி. ஏரியோ ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியது. தானியம் வரவில்லையா என்றால், வந்தது. பர்மாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் குவிந்தன. ஆனால் பண்ணையாளுக்குக் கூலியே நெல்லாகத்தான் கிடைத்துவந்தது. நடவு நின்றதும் கூலி நின்றது. அவன் எந்தக் காசைக் கொண்டு பர்மா அரிசி வாங்குவான்? போதாததற்கு ரயிலோடு தந்தியும் வந்திருந்தது. பஞ்சமே இல்லாத ஊர் வியாபாரியும் சென்னை விலையைத் தெரிந்துகொண்டான். அங்கேயும் விலை ஏறிற்று.

அதே சமயம் வடக்கே வேறொரு கதை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1873-இல் கோதுமை ஏற்றுமதி வரி நீங்கியது. 1875-இல் பிரிட்டனுக்குச் சுமார் 3 லட்சம் குவார்ட்டர் இந்தியக் கோதுமை போயிற்று. ஒரு குவார்ட்டர் ஏறத்தாழ 218 கிலோ. 1877-இல், தெற்கே ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, 14 லட்சம் குவார்ட்டர்! லண்டன் ரொட்டிக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் காசு கொடுத்தார்.

சென்னைக் கவர்னர் பக்கிங்காம் பிரபு முதலில் 30,000 டன் தானியம் வாங்கிச் சேமிக்க முயன்றார். வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாதென்று மேலிடத்திலிருந்து கண்டனம் வந்தது. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிளை அனுப்பினார் வைஸ்ராய் லிட்டன். இந்த டெம்பிள்தான் 1874-இல் பீகாரில் பர்மா அரிசியை இறக்கிப் பட்டினிச் சாவைத் தடுத்தவர். அதற்குக் கிடைத்த பரிசு, ஊதாரி என்ற பெயர். அந்தப் பெயரைக் கழுவிக்கொள்ளும் வேகத்தில் இங்கே வந்தார். நிவாரண வேலை செய்பவனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்றார். ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண்சுமப்பவனுக்கு இது காணாது என்று சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் விடாமல் எழுதிச் சண்டையிட்டார். சில மாதங்கள் கழித்துத்தான் கூலி உயர்ந்தது. மாமல்லபுரத்துக்குப் பின்னால் ஓடும் பக்கிங்காம் கால்வாயில், சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி அந்த நிவாரணக் கூலியில் வெட்டியதே.

2023 ஜூலையில் இந்திய சர்க்கார் பாஸ்மதி அல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதியைத் தடுத்தபோது, அமெரிக்காவில் நம்மவர்கள் கடைகளில் முண்டியடித்து மூட்டை தூக்கினார்கள். அடுத்த வருஷம் தடை நீங்கிற்று. தாது வருஷத்தில் அப்படி ஓர் உத்தரவை நினைத்துப் பார்ப்பதே பாவம்.

மாடுகளின் கதையையும் சொல்லவேண்டும். வைக்கோல் தீர்ந்தது. கூரையைப் பிரித்துப் போட்டும் மாடுகள் பிழைக்கவில்லை. அந்தப் பஞ்ச வருஷங்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு சரக்கு மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகக் கப்பலேறியது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்.