கார்செட்டும் குப்பாயமும்

கார்செட் என்றதும் ஆங்கிலப் படங்களில் கட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சீமாட்டியும், பின்னால் நின்று கயிற்றை இழுக்கும் பணிப்பெண்ணும் நினைவுக்கு வருவார்கள். ஐரோப்பியப் பெண்கள் 16-ஆம் நூற்றாண்டு முதல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏதோ ஒரு வடிவத்தில் இதை அணிந்து வந்தார்கள்.

இதைத் தைப்பது சாதாரண வேலை அல்ல. இரண்டு அடுக்கு லினன் துணியை வைத்து, நெருக்கமாகக் கோடு கோடாகத் தைப்பார்கள். இரண்டு தையல்களுக்கு நடுவே உள்ள குழாய் போன்ற இடைவெளியில் நாணல் அல்லது திமிங்கல 'எலும்பு' செருகப்படும். பெயர்தான் எலும்பு! உண்மையில் அது சிலவகைத் திமிங்கலங்களின் மேல்தாடையில் தொங்கும் தகடு. நம் நகம் எந்தப் பொருளோ அதுவேதான். வளையும், ஒடியாது, மெல்லிய பட்டைகளாகக் கிழிக்கலாம். முன்பக்கம் நிமிர்ந்து நிற்க மரத்திலோ தந்தத்திலோ செய்த ஒரு சட்டம். பின்பக்கம் கயிறு. 1828-இல் பிரான்சில் உலோகக் கண்வளையம் வந்த பிறகு துணி கிழியாமல் இன்னும் இறுக்க முடிந்தது. திமிங்கலம் குறைந்து விலை ஏறியபோது எஃகுப் பட்டை அந்த இடத்தைப் பிடித்தது.

அதே 19-ஆம் நூற்றாண்டில், நம் தெற்கே ஒரு சாதாரண ரவிக்கைக்காகப் பெண்கள் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்களும் அவர்களைப் போல ஒடுக்கப்பட்ட பிற சாதிப் பெண்களும் மேலுடம்பை மறைக்கக் கூடாது என்பது வழக்கம். கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று 1814-இல் அரசு உத்தரவு வந்தது. குப்பாயம் என்பது சிரியன் கிறிஸ்தவப் பெண்கள் அணிந்த தளர்வான மேல்சட்டை. எலும்பு, எஃகு, கயிறு எதுவும் கிடையாது. ஆனால் தோளில் போடும் சீலைக்கு அனுமதி இல்லை, ஏனெனில் அது மேல்சாதியின் அடையாளம். 1829 அறிக்கையும் இதையே திருப்பிச் சொன்னது. பெண்கள் கேட்கவில்லை, சீலையும் அணிந்தார்கள். சந்தையிலும் வழியிலும் அவர்களுடைய துணிகள் கிழிக்கப்பட்டன.

நாகர்கோவிலில் 1820 வாக்கில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுத் தந்தார். கையில் சொந்தக் காசு வந்தவர்களை அடக்குவது அவ்வளவு சுலபமில்லை என்பதையும் இங்கே கணக்கில் சேர்க்க வேண்டும். இடுப்பை இறுக்குவதை நாகரிகம் என்று கருதிய நாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே தளர்ந்த சட்டைக்காக மனு எழுதினார்கள் என்பது வேடிக்கைதான்.

1858 இறுதியில் கலவரம் மூண்டது. வீடுகளும் பள்ளிகளும் தேவாலயங்களும் எரிந்தன. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கவே, 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா புதிய அறிக்கை வெளியிட்டார். எந்த மதத்து நாடார் பெண்ணும் மார்பை மறைக்கலாம். கிறிஸ்தவப் பெண்களைப் போல ரவிக்கை போடலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறு எப்படியும் மறைக்கலாம்; மேல்சாதிப் பெண்கள் அணிவதைப் போல மட்டும் கூடாது!