படுக்க ஓர் இடம், பதிய ஒரு பெயர்

1917ஆம் ஆண்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர வந்த அண்ணல் அம்பேத்கருக்கு அந்த ஊரில் தலைசாய்க்க இடம் கிடைக்கவில்லை. இந்து விடுதிகளில் தீண்டாதவருக்கு இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒரு பார்சி விடுதிக்குப் போனார். பார்சிகள் உடலில் அணியும் சத்ராவும் கஸ்தியும் அவரிடம் இல்லாததைக் காப்பாளர் பார்த்துவிட்டார். விடுதி பார்சிகளுக்கு மட்டும்தான். ஆனால் ஆளே வராத விடுதி அது. காப்பாளருக்கும் பணம் தேவைப்பட்டது. ஆகவே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும்.

நாளுக்கு ஒன்றரை ரூபாய் கட்டணத்தில், ஒரு பொய்ப் பெயரின் நிழலில் அவர் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு பத்துப் பன்னிரண்டு பேர் மாடியேறி வந்தார்கள். மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு நண்பர்களிடம் கேட்டார். இருவருமே இடம் தரவில்லை. பொதுப் பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற குறிப்புகளில் இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இதைத் தீண்டாமைக் கொடுமை என்று படிக்கிறோம். சரிதான். இன்னொரு விதமாகவும் படிக்கலாம். தங்கும் இடத்தின் பதிவேட்டில் உண்மையை எழுதினால் நம் மக்களுக்கு இடமில்லை. பொய்யை எழுதினால், அது வெளிப்படும் நாள்வரை மட்டுமே இடம். நூறாண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பதிவேடு மூடப்படவில்லை.

அண்மையில் வீடற்றோர் காப்பகம் ஒன்றில் வைத்திருந்த பதிவேட்டைப் பார்க்க நேர்ந்தது. நடத்துபவர்கள் நல்லவர்கள், சோறு போடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறார்கள். பதிவேட்டில் பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், சாதி, ஆதார் எண், கைரேகை என்று வரிசையாகக் கட்டம் போட்டிருந்தது. ஒரு பாட்டியிடம் ஊரைக் கேட்டார்கள். “மதுரைப் பக்கம்” என்றார். “ஊர்ல எந்தப் பக்கம்?” என்று அடுத்த கேள்வி. பாட்டி பேசாமல் இருந்தார். அந்தக் கேள்வியின் பொருள் நம் எல்லோருக்கும் தெரியும். இந்த மண்ணில் முகவரி என்பதே சாதிதான். ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததற்குக் காரணமே அது வசைச் சொல்லாகிவிட்டதுதான். கிராமத்தை விட்டு நகரத்துக்கு வாருங்கள் என்று அம்பேத்கர் சொன்னதில், யாரென்று தெரியாமல் நடமாடும் விடுதலையும் அடங்கியிருக்கிறது. ஒரு பாயும் ஒரு தட்டுச் சோறும் கொடுத்து அந்த விடுதலையை வாங்கிக்கொள்கிறது பதிவேடு.

‘உதவி செய்யத்தானே கேட்கிறோம்’ என்பார்கள். வரலாறு என்ன சொல்கிறது?

1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் வந்தது. 1911இல் அதைத் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். பிறந்த சாதியைக் காரணம் காட்டி மக்களைப் பதிவு செய்து, விரல் ரேகை எடுத்தார்கள். நம் பக்கத்தில் மக்கள் அதற்கு வைத்த பெயரே ‘ரேகைச் சட்டம்’. பதிவானவர்கள் இரவில் காவல் நிலையத்துக்கோ சாவடிக்கோ போய்ப் படுக்க வேண்டியிருந்தது. கள்ளர், குறவர் மட்டுமல்ல, தென்னார்க்காட்டு வேப்பூர்ப் பறையர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பதிவேட்டில் பெயர் ஏறுவது என்றால் என்னவென்று அறிந்திருந்ததால்தான் அவர்கள் உயிரைக் கொடுத்து மறுத்தார்கள்.

இதில் தொண்டு நிறுவனத்துக்கு என்ன வேலை? இருந்தது. ‘குற்றப் பழங்குடி’ குடியேற்றங்கள் சிலவற்றை நடத்தும் பொறுப்பை அரசு இரட்சணிய சேனையிடம் கொடுத்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூர்ப் பகுதியில், எருகுலர்களுக்காக 1910களில் அமைந்த ஸ்டூவர்ட்புரம் அவற்றில் ஒன்று. நிலம், வேலை, பள்ளி, ஜெபம் எல்லாம் அங்கே உண்டு. கூடவே வருகைப் பதிவும், வெளியே போக அனுமதிச் சீட்டும் உண்டு. கருணையின் கையும் காவலின் கையும் ஒரே பேனாவைப் பிடித்து எழுதிய பதிவேடு அது.

சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுக்க 1952இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் 1945இல் இங்கே இயற்றிய பிச்சை எடுத்தல் தடுப்புச் சட்டம் பின்னரும் தொடர்ந்தது. தெருவில் கிடப்பவரை இல்லத்தில் சேர்ப்பதும் போலீஸ் பிடித்துக்கொண்டு போவதும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. காப்பகம் என்றாலே இன்றும் பல முதியவர்கள் மிரள்வது மனநோய் அல்ல, அனுபவம்.

இது வெள்ளைக்காரன் காலத்தோடு முடிந்த கதை என்று நினைக்க வேண்டாம். 2016இல் பிரிட்டன் அரசு, தெருவில் தூங்கும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களை நாடு கடத்தும் கொள்கையைக் கொண்டுவந்தது. லண்டனில் தெருவோரம் படுத்திருப்போரைத் தேடிப் போகும் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் சிலர் குடியேற்ற அதிகாரிகளோடு சேர்ந்து சுற்றினார்கள், தகவலும் கைமாறியது. போர்வை கொண்டுவந்தவரிடம் நம்பிச் சொன்ன சேதி நாடு கடத்தும் அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தது. 2017 டிசம்பரில் அந்தக் கொள்கை சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் பலர் நாடு கடத்தப்பட்டிருந்தார்கள். பட்டியலைத் திரும்பப் பெறலாம், போன ஆளை?

நம் நாட்டில் உச்ச நீதிமன்றத்தின் 2010 உத்தரவுகளுக்குப் பிறகுதான், லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்ற கணக்கில் நகரங்கள் காப்பகம் அமைக்கத் தொடங்கின. அது போராடிப் பெற்ற உரிமை. ஆனால் ஆதார் இருந்தால்தான் இடம் என்ற நிலை சில இடங்களில் வந்தது. 2018 ஜனவரியில், உத்தரப் பிரதேசக் காப்பகங்கள் பற்றிய விசாரணையில், வீடே இல்லாதவருக்கு ஆதாரில் என்ன முகவரி இருக்கும் என்று உச்ச நீதிமன்றமே கேட்க வேண்டியிருந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்திருந்தது. வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் வசதி உள்ளவருக்கு மட்டுமா அந்த உரிமை? அதன் வழியே 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2018, 2019 வரைவுகளில் சாதி, பழங்குடி அடையாளத்தைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் தகவலாகச் சேர்த்திருந்தார்கள். நிறைவேறிய சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. செல்பேசி எண்ணுக்கும் சாதிக்கும் ஒரே மதிப்பு! சாதி தெரிந்தால் உயிர் போகும் நாட்டில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஒப்புதல் நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. மழையில் நனைந்து வாசலில் நிற்பவர் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு எங்கே போவார்?

சிலர் கேட்கலாம்: சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று போராடுகிற நீங்களே காப்பகத்தில் சாதி கேட்காதே என்பது முரண் இல்லையா? இல்லை. தெருவில் கிடப்போரில் நம் மக்கள் எத்தனை பேர் என்ற எண் நமக்கு வேண்டும். அது அரசைக் கேள்வி கேட்கும் ஆயுதம். பெயரோடும் ஊரோடும் சாதி எழுதிய பட்டியல் வேறு. அது அந்த ஆளைக் கண்டுபிடிக்கும் ஆயுதம். முன்னது எண்ணிக்கை, பின்னது கண்காணிப்பு. பெயரில்லாமல், தனித்தாளில், விரும்பியவர் மட்டும் சொல்லும்படி கணக்கெடுக்கலாம்.

பதிவேடே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அடையாள அட்டை வாங்கவும், வாக்காளர் பட்டியலில் சேரவும் காப்பக முகவரி பலருக்கு உதவுகிறது. செத்தால் சொல்லியனுப்ப ஒரு பெயராவது வேண்டும் என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. ஆனால் அது அவர்கள் கேட்டுப் பெறும் சேவையாக இருக்கட்டும். நுழைவுக் கட்டணமாக வேண்டாம்.

காப்பகம் நடத்தும் தோழர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வாசலில் சாதியையும் சொந்த ஊரையும் கேட்காதீர்கள். அவர் சொல்லும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கைரேகையும் ஆதாரும் இல்லாமல் படுக்க இடம் கொடுங்கள். நன்கொடையாளருக்கு அனுப்ப அவர் தூங்கும்போது படம் எடுக்காதீர்கள். போலீஸ் வந்து நோட்டைக் கேட்டால், எழுத்துப்பூர்வமான சட்ட உத்தரவைக் கேளுங்கள். அவர் போன பிறகு தேவையில்லாத பக்கங்களை அழித்துவிடுங்கள்.

பரோடாவில் அந்தக் காப்பாளர் பெயரைக் கேட்காமலே ஒரு கட்டில் கொடுத்திருந்தால், உலகமே படித்த அந்த மனிதர் பூங்காவில் வருத்தத்தோடு உட்கார்ந்திருக்க மாட்டார். இன்றிரவும் யாரோ ஒருவர் ஒரு வாசலில் நிற்கிறார். முதலில் பாயைக் கொடுங்கள். பேனா காத்திருக்கட்டும்.

ஜெய் பீம்.